தொட்டிலும் தாய்மனமும்

குழந்தையை உறங்க வைக்கும் பொருள்களுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. மரத்தாலோ பிரம்பாலோ செய்து தொங்கவிட்டது தொட்டில். புடைவையை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டது தூளி. அதனையே ஏணை என்று வழங்கும் ஊர்களும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாரோங் துணியை இரும்புச் சுருள்வில்லில் மாட்டி மேலும் கீழுமாக ஆட்டும் தொட்டில், மலாய்க்காரர் 'புவாயான்' என்பது, நம் வீடுகளுக்குள்ளும் எப்போதோ வந்து நிலைத்துவிட்டது. தொட்டிலருகே பிறந்த பாட்டுக்கோ தனி மரபே இருக்கிறது. தால் என்னும் நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர்.

இத்துணை வளமுள்ள மொழியில், நள்ளிரவில் அந்தத் தொட்டிலின் கயிற்றைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் பெண்ணின் மனநிலையைக் குறிக்க அன்றாடச் சொல் உண்டா என்று நாம் தேடினால் தயக்கமே மிஞ்சுகிறது. அவளுடைய உடம்புக்குப் பெயர் உண்டு. 'பச்சை உடம்பு' என்று சொன்ன அளவிலேயே குளிர்ந்த நீரும் கனத்த வேலையும் ஆகாது என்பது வீட்டார் அனைவருக்கும் விளங்கிவிடும். ஆனால் பச்சை மனம் என்று எவரும் சொல்வதில்லை. 'மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு' என்பது மருத்துவமனைத் துண்டறிக்கையில் அச்சாகும் தொடர். அதை ஒரு மருமகள் தன் மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்வதை நாம் இதுவரை கேட்டதில்லை.

குழந்தை இரவில் எங்கே உறங்க வேண்டும், அந்த ஏற்பாட்டுக்கும் தாயின் மனநலத்துக்கும் தொடர்பு யாது என்னும் வினாக்களையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். இவை ஒரே வினாவின் இரு பக்கங்கள். குழந்தையின் மூச்சைப் பற்றிக் குழந்தை மருத்துவர் சொல்வார். தாயின் மனத்தைப் பற்றி உளமருத்துவர் சொல்வார். இருவருக்கும் தனித்தனித் துண்டறிக்கைகள் உண்டு. வீட்டிலோ இருவர் சொல்லுக்கும் சேர்த்து ஒரே இரவுதான் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் இரவு

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். கேட்பதற்கு இது நிறைந்த உறக்கமாகவே தோன்றும். ஆயினும் அது துண்டு துண்டாக வருவது. பகல், இரவு என்னும் வேறுபாட்டை உணர்த்தும் உடற்கடிகாரம் முதல் சில வாரங்களில் குழந்தைக்கு அமைந்திருப்பதில்லை. இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் படிப்படியாகவே அது ஒழுங்குபடுகிறது. இரைப்பை சிறிது, தாய்ப்பால் விரைவில் செரிப்பது. ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசி எழுப்பிவிடும். உறக்கச் சுற்று ஒன்றின் நீளமும் வேறு: பெரியவர்களுக்கு ஏறத்தாழ 90 நிமிடம், குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம். தாய் ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கும் வேளையில் குழந்தை மேலே வந்துவிடுகிறது.

இதனால் தாய்க்கு நேர்வது உறக்கக் குறைவு என்பதைவிட உறக்கச் சிதைவு என்பதே பொருந்தும். மொத்தக் கணக்கில் ஆறு மணி நேரம் படுத்திருந்தேன் என்று அவள் சொல்லலாம். அந்த ஆறு மணி நேரம் ஐந்து துண்டுகளாகியிருந்தால், மூன்று மணி நேரத் தொடர் உறக்கம் தரும் தெளிவைக்கூட அது தருவதில்லை. எரிச்சல், மறதி, காரணமற்ற அச்சம், சிறு சொல்லுக்கும் கண்ணீர் ஆகியவை உறக்கம் சிதைந்த எவருக்கும் வருவன. கப்பலிலோ மருத்துவமனையிலோ இரவுப் பணி செய்தவர்கள் இதனை அறிவர். அவர்களுக்கு மாறுநாள் ஓய்வு உண்டு என்பதுதான் வேறுபாடு.

மூன்று நிலைகள்

பேற்றுக்குப் பின்வரும் மனநிலை மாற்றங்களை மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது. இவற்றைக் கலந்து பேசுவதால் விளையும் தீங்கு பெரிது.

முதலாவது, பேறு முடிந்த சில நாள்களில் தோன்றும் மனக்கலக்கம். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்க்கு இது வருகிறது. காரணமின்றி அழுகை வரும். மறு நிமிடம் சிரிப்பு வரும். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே அடங்கும். அன்பும் ஓய்வும் போதும்.

இரண்டாவதே நாம் பேச வந்த மனச்சோர்வு. இரண்டு வாரங்கள் கடந்தும் நீங்காத துயரம், எதிலும் விருப்பின்மை, தான் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்னும் எண்ணம், குழந்தைக்கு ஏதோ நேர்ந்துவிடும் என்ற ஓயாத அச்சம், சில வேளைகளில் குழந்தையைக் கண்டால் எதுவுமே தோன்றாத வெறுமை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, குழந்தை பெற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் மனநலக் கோளாறு ஒன்றுக்கு ஆளாகின்றனர். அவற்றுள் முதன்மையானது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது நூற்றுக்கு 20 பேரை நெருங்குகிறது. பேற்றுக்குப் பின் கண்டறியப்படுவனவற்றுள் பாதியளவு சூல் கொண்ட காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன என்று 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டு நூல் குறிக்கிறது. எனவே தொட்டில் வீட்டுக்கு வருமுன்பே இதன் வேர் இறங்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது அரிது: ஆயிரம் பேற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. இல்லாத குரல் கேட்டல், குழந்தை தன்னுடையது அன்று என்று நம்புதல், நாள்கணக்கில் உறங்காமலே ஊக்கத்தோடு இருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலை. 'காற்றுக் கருப்பு' என்று சொல்லித் தாமதித்த வீடுகளில் இழப்பு நேர்ந்திருக்கிறது.

இவை மேனாட்டாரின் நோய்கள், கூட்டுக் குடும்பத்தில் வாழும் நம்மவர்க்கு வாரா என்று ஒரு கருத்து உலவுகிறது. ஆசிரியர் அறைகளிலும் நாம் அதைக் கேட்டிருக்கிறோம். அதற்கு மறுமொழி தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களில் சூலுற்ற பெண்களைப் பேற்றுக்குப் பின்னும் தொடர்ந்து கண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியாயிற்று. பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு தோன்றியிருந்தது. அதனோடு இணைந்து காணப்பட்டவை எவை என்பதுதான் நம் கவனத்துக்குரியது. குறைந்த வருவாய்; மகனை எதிர்பார்த்திருக்க மகள் பிறந்தமை; மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் இடர்ப்பாடு; சூல் காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள்; உடலுழைப்பில் கைகொடுக்க ஆளின்மை. வீடு நிறைய ஆள் இருப்பதும் கைகொடுக்க ஆள் இருப்பதும் வெவ்வேறு என்பதைப் பட்டியலின் கடைசிக் கூறு சொல்லாமல் சொல்கிறது.

பாயும் படுக்கையும் நாடுகளும்

குழந்தை எங்கே உறங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு வியப்பூட்டும் அளவு மாறுகிறது. 17 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட 29,287 குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் அதில் இடம்பெற்றன. பெற்றோரின் படுக்கையில் உறங்கும் குழந்தைகள் நியூசிலாந்தில் நூற்றுக்கு 5.8, வியட்நாமில் 83.2. உறங்கப் போகும் நேரமும் அவ்வாறே: நியூசிலாந்துக் குழந்தை இரவு ஏழரை மணி அளவில் உறங்கச் செல்லும்போது ஹாங்காங் குழந்தை பத்து மணி கடந்தே செல்கிறது. எதை இயல்பு என்பது?

சப்பானியர் இதற்கு அழகான ஒரு பெயர் வைத்துள்ளனர். ஆற்றைக் குறிக்கும் அவர்களுடைய எழுத்து மூன்று நெடுக்குக் கோடுகளால் ஆனது. நடுக்கோடு சற்றுக் குட்டையானது. தாயும் தந்தையும் இருபுறம் இருக்க நடுவில் குழந்தை படுத்திருப்பதை 'ஆற்றெழுத்துப் போல உறங்குதல்' என்பர். நம் பாட்டிமார் பாய் விரித்து உறங்கிய தோட்டத்து வரிசை வீடுகளிலும் இதே எழுத்துத்தான் எழுதப்பட்டது, சில வீடுகளில் இன்னும் ஐந்தாறு கோடுகள் கூடுதலாக. குழந்தைக்கெனத் தனியறை என்பது, அவ்வாறு ஓர் அறையை ஒதுக்க முடிகிற வசதியோடு சேர்ந்து வந்த அண்மைக்கால வழக்கம். மேற்கிலும் அது பழமையானதன்று.

ஆனால் வழக்கம் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. முழு நலத்தோடு இருந்த குழந்தை உறக்கத்திலேயே காரணம் விளங்காமல் இறந்துபோகும் கொடுமையைத் தடுக்கும் வழி நெடுங்காலம் தெரியாமலிருந்தது. குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே பெரும் ஆபத்து என்பது 1980களின் இறுதியில் தெளிவாயிற்று. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்னும் பரப்புரை தொடங்கியது. பிரிட்டனில் சில ஆண்டுகளுக்குள்ளேயே இவ்வகை இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியாயின. மருந்தின்றி, கருவியின்றி, ஒரு வாக்கியத்தால் இத்தனை உயிர்கள் காக்கப்பட்ட நிகழ்வு பொதுநல வரலாற்றில் அதிகம் இல்லை. மொழியைக் கற்பிப்போர் நினைவில் வைக்கத்தக்கது இது.

அதன்பின் எழுந்த விவாதம் படுக்கையைப் பற்றியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, முதல் ஆறு மாதமேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கெனத் தனியான, உறுதியான, சமதளமான படுக்கையில் உறங்க வேண்டும் என்கிறது. தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் உடனிருத்தல் ஆகாது. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியோ தாய்மார் பலர் எப்படியும் குழந்தையோடு படுப்பர் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்நிலையில் அது கூடவே கூடாது என்பதை அவர்களோடு கலந்துபேசச் சொல்கிறது. பெற்றோருள் எவரேனும் புகைபிடிப்பவராயினும், மது அருந்தியிருப்பினும், உறக்கம் தரும் மருந்து உட்கொண்டிருப்பினும், குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்ததாயினும், பிறப்பு எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாயினும் ஒரே படுக்கை ஆகாது. இரு நாட்டாரும் ஐயமின்றி ஒத்துச் சொல்வது ஒன்றுண்டு: மெத்தை நாற்காலியிலும் சோபாவிலும் குழந்தையை மார்பில் கிடத்தியபடி உறங்கிப்போவதே எல்லாவற்றினும் கொடிது. 'படுக்கையில் வைத்துக்கொள்ளாதே' என்று அதட்டப்பட்ட தாய், படுக்கையை விட்டு எழுந்து வந்து பால் கொடுத்துக்கொண்டே சோபாவில் கண்ணயர்ந்துவிடுகிறாள். அறிவுரை ஒன்று தான் தடுக்க வந்த தீங்கைவிடப் பெரிய தீங்குக்கு வழிகோலுவது இப்படித்தான்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் தெற்காசியக் குடும்பங்களையும் வெள்ளையர் குடும்பங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. தெற்காசியர், பெரும்பாலும் பாகிஸ்தானிய மரபினர், குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்குவது மிகுதி. ஆயினும் அவர்களிடையே இவ்வகை இறப்பு குறைவு. புகை, மது, சோபாவில் உறங்குதல், குழந்தையைத் தனியறையில் விடுதல் ஆகியவை அவ்வீடுகளில் அரிதாக இருந்தன. தாய்ப்பால் ஊட்டுதல் மிகுதியாக இருந்தது. படுக்கை ஒன்றை மட்டும் பார்த்து வீட்டை எடைபோட இயலாது என்பதற்கு இது சான்று.

மரபையும் பாதுகாப்பையும் ஒருங்கே காத்த எடுத்துக்காட்டு நியூசிலாந்திலிருந்து வருகிறது. மாவோரி மக்களிடையே குழந்தை இறப்பு மிகுந்திருந்தது. சூல் காலத்துப் புகைப்பழக்கமும் ஒரே படுக்கையும் சேர்ந்ததன் விளைவு அது. ஒரே படுக்கையை விடச் சொன்ன அறிவுரை அவர்களிடம் செல்லவில்லை. பின்னர் அவர்களே, தங்கள் பாரம்பரிய நார்ச்செடி இலையால் 'வஹாகுரா' என்னும் சிறு கூடையை முடைந்து, அதில் குழந்தையைக் கிடத்தி, கூடையோடு பெற்றோர் படுக்கையில் வைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தனர். தாயின் கை எட்டும், உடல் அழுத்தாது.

நம் ஏணைக்கும் சாரோங் தொட்டிலுக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்ப்பது நேர்மையாகும். துணி வளைந்து குழிகிறது. குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுவழி குறுகக்கூடும். சமதளமான, உறுதியான பரப்பு என்னும் நிபந்தனை அதற்குப் பொருந்தாது. பெரியவர் ஒருவர் அருகமர்ந்து கண்ணால் பார்த்தபடி ஆட்டும் பகல் பொழுதுக்கு ஏணையையும், எவரும் விழித்திராத இரவுக்குச் சமதளப் படுக்கையையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து. விட்டத்தில் கட்டிய தூளியைப் பாட்டி ஒருத்தி இரவெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தாள் என்றால் அங்கே காவல் இருந்தது. மின்விசை கொண்டு தானே ஆடும் தொட்டிலில் ஆட்டம் மட்டும் இருக்கிறது.

தாயின் மனம் எங்கே நுழைகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 103 தாய்மாரைக் குழந்தையின் முதல் ஓராண்டு முழுதும் தொடர்ந்து கண்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். முதல் மாதத்தில் பெரும்பாலோர் குழந்தையோடு ஓரறையிலோ ஒரு படுக்கையிலோ உறங்கினர். ஆறாம் மாதத்தில் அவ்வாறு செய்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராகக் குறைந்தனர். ஆறு மாதம் கடந்தும் உடன் உறங்கியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், குழந்தையின் உறக்கத்தைப் பற்றிய கவலையும் கூடுதலாக இருந்தன. அவ்வளவோடு நின்றிருந்தால் 'உடன் உறங்குவதால் மனச்சோர்வு வருகிறது' என்று செய்தித்தாள் தலைப்பு எழுதிவிடலாம். ஆனால் அவர்களிடம் மற்றொன்றும் கூடுதலாக இருந்தது: தம் முடிவைப் பிறர் குறைகூறுகின்றனர் என்னும் உணர்வு. தனியறையே ஒழுங்கு என்று கருதும் சமூகத்தில் அவ்வாறு செய்யாதவள் மீது பார்வைகள் விழுகின்றன. ஊரோடு ஒத்துப்போகாத ஏற்பாடு எதுவாயினும் அதன் சுமை தாயின் தோளில் ஏறுகிறது.

இதே கருத்தை நம் நாடுகளுக்குத் திருப்பிப் பார்த்தால், தனியறையில் குழந்தையை உறங்கவைக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இதே சுமை காத்திருக்கிறது. 'பெற்ற பிள்ளையைத் தள்ளிப் போட்டிருக்கிறாள்' என்ற பேச்சு எழ அதிக நேரம் ஆகாது. இவ்விரு பேச்சுக்கும் நடுவில் நிற்பவள் இன்றைய சிங்கப்பூர், மலேசியத் தாய். கைபேசியைத் திறந்தால் 'அழவிட்டுப் பழக்கு' என்கிறது. கூடத்துக்கு வந்தால் 'அழவிடாதே, வயிறு ஒட்டிப்போகும்' என்கின்றனர். மருத்துவர் 'தனிப் படுக்கை' என்கிறார். எந்தச் சொல்லைக் கேட்டாலும் மற்ற இருவருக்கும் அவள் குற்றவாளி.

காரணம் எது, விளைவு எது என்பதையும் நாம் பிரித்தறிய வேண்டும். குழந்தை உறங்காமையால் தாய் சோர்வுறலாம். சோர்வும் அச்சமும் கொண்ட தாய் குழந்தையை விட்டு விலக அஞ்சி, சிறு அசைவுக்கும் வாரியெடுத்து, அதன் உறக்கத்தைத் தானே கலைக்கவும் கூடும். இருவழிச் சாலை இது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்த சோதனை ஒன்று, 2002இல் வெளியானது, முதல் வழியைத் தெளிவாக்கியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் உறக்கச் சிக்கலுக்குத் தாய்மார்க்குச் சில அமர்வுகளில் நடைமுறை ஆலோசனை வழங்கப்பட்டது. குழந்தையின் உறக்கம் சீர்பட்டது. மனச்சோர்வு அறிகுறி மிகுந்திருந்த தாய்மாரின் மனநிலையும் தேறியது. இவ்வகை முறைகள் பிள்ளையின் மனத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு விடையாக, அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் நடத்திய மற்றொரு சோதனையில் பங்கேற்ற பிள்ளைகளை ஆறு வயதில் மீண்டும் கண்டு, தீங்கும் இல்லை, நீடித்த தனி நன்மையும் இல்லை என்று 2012இல் அறிவித்தனர். செய்ய விரும்புவோர் அஞ்ச வேண்டியதில்லை. விரும்பாதோர் குற்றவுணர்வு கொள்ளவும் வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு இப்பேச்சே பொருந்தாது. அது விழிப்பது பசியால்.

நாற்பது நாளும் அதன் பிறகும்

பேற்றுக்குப் பின் தாயைக் காக்கும் மரபு நம் மண்ணில் மூன்று இனத்தாரிடமும் உண்டு. மலாய்க்காரரின் 'பந்தாங்' 44 நாள். சீனர் ஒரு திங்கள் காக்கின்றனர். தமிழ் வீடுகளில் 30 நாளும் 40 நாளும் வழங்குகின்றன. பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் எண்ணெய் தேய்த்த வெந்நீர்க் குளியலும் பேறுகாலம் பார்க்க வந்த தாயும் அதன் உறுப்புகள். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், அதனுள் பொதிந்திருக்கும் பணிப் பங்கீட்டைக் காணத் தவறுகின்றனர். சமையலும் துணியும் விருந்தும் பிறர் கையில். தாய்க்குப் பாலூட்டலும் உறங்கலுமே வேலை என்பது அதன் உள்ளீடு.

ஆயினும் குறை இரண்டு. பத்தியம் பகலைக் காக்கிறது. இரவு தாயிடமே விடப்படுகிறது. மற்றொன்று, நாற்பதாம் நாள் கடந்ததும் அம்மா ஊருக்குத் திரும்புகிறார், பணிப்பெண்ணின் ஒப்பந்தம் முடிகிறது, கணவர் எப்போதோ வேலைக்குப் போய்விட்டார். உறக்கக் கடன் ஏறியிருக்கும் வேளையில் துணை இறங்கிவிடுகிறது. மனச்சோர்வு அதற்குப் பின்னும், ஓராண்டு வரையிலும் தலைகாட்டக்கூடியது. சிங்கப்பூரில் மகப்பேற்று விடுப்பு 16 வாரம். மலேசியாவில் 2023 முதல் 98 நாள். அவ்விடுப்பு முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியைக்கு இரவு இன்னும் முடிந்திருப்பதில்லை. காலை முதல் பாடவேளையில் பெயர்ப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணம் எந்த வகுப்பு என்பதை மறந்து நிற்பவரை நாம் கண்டிருக்கிறோம்.

தந்தையர்க்கான விடுப்பு சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரமாக உயர்ந்துள்ளது. மலேசியத் தனியார் துறையில் ஏழு நாள். நாள்களின் எண்ணிக்கையைவிட அவை எவ்வாறு செலவிடப்படுகின்றன என்பதே பெரிது. வீட்டார் செய்யக்கூடியவற்றுள் தாய்மனத்துக்கு நேரடியாகப் பயன்படுவது ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், ஒரே தொடராக நான்கைந்து மணி நேர உறக்கத்தை அவளுக்கு ஈட்டித் தருவதைச் சொல்வோம். இரவு ஒன்பது மணிக்குப் பாலூட்டிவிட்டுத் தாய் உறங்கச் சென்றால், பீய்ச்சி வைத்த பாலைக் கொண்டு நள்ளிரவு கடந்து ஒரு மணி வரை குழந்தையைத் தந்தையோ பாட்டியோ வேறோர் அறையில் கவனித்துக்கொள்ளலாம். பாலூட்டும் பழக்கம் நிலைபெற்ற பின்னரே இதைத் தொடங்குவது நல்லது. குழந்தை எங்கே உறங்கினாலும் தாயின் செவிக்கு எட்டாத தொலைவில் அந்த நான்கு மணி நேரம் கழிய வேண்டும். அழுகுரல் கேட்டால் எந்தத் தாயும் உறங்காள்.

கேட்கும் சொல்

எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் என்னும் வினாநிரல் 1987இல் வெளிவந்தது. பத்தே வினாக்கள், கடந்த ஏழு நாள்களின் மனநிலையை மட்டும் கேட்பவை, மொத்த மதிப்பெண் 30. இது நோயைத் தீர்மானிப்பதன்று. யாரை மருத்துவர் விரிவாகக் காண வேண்டும் என்று சுட்டுவது. தமிழாக்கமும் வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண் எந்த அளவைக் கடந்தால் கவனிக்க வேண்டும் என்பது மொழிக்கு மொழி, சமூகத்துக்குச் சமூகம் மாறுவதால் அவ்வாறு தனியே சோதிப்பது இன்றியமையாதது. தமிழ்ப் பெண் துயரத்தை உடலின் சொல்லால் கூறுவாள். 'உடம்பெல்லாம் அசதி', 'தலை பாரம்', 'நெஞ்சு அடைக்கிறது' என்பவை அவள் மொழியில் மனத்தின் செய்திகள். அவற்றுக்கு வலிமாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் செய்தி சேராமலே போகிறது.

அந்த வினாநிரலில் உறக்கத்தைப் பற்றிய வினா ஒன்று உண்டு. மொழிபெயர்ப்போர்க்கு அது நல்ல பாடம். உறக்கம் இல்லையா என்று மட்டும் கேட்டால், பிறந்த குழந்தையுள்ள எந்தத் தாயும் இல்லை என்பாள். வினா கேட்பது அதுவன்று. மனம் துயருற்றதால் உறக்கம் வராமற்போயிற்றா என்பதே. 'ஆல்' என்னும் ஒற்றை வேற்றுமை உருபில் நோயும் இயல்பும் பிரிகின்றன. ஏழாவது வினாவை அவசரத்தில் மொழிபெயர்த்து அந்த உருபை நழுவவிட்டால் எல்லாத் தாய்மாரும் நோயாளிகளாவர், அல்லது உண்மையில் நோயுற்றவள் கூட்டத்தில் மறைந்துபோவாள். வீட்டில் நாம் இதனை இவ்வாறு கேட்கலாம்: "பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா அம்மா?" பிள்ளை உறங்கியும், வீடு அடங்கியும், துணை இருந்தும் தனக்கு உறக்கம் வரவில்லை, கூரையைப் பார்த்தபடி கிடக்கிறேன் என்று அவள் சொன்னால், அது தொட்டிலை மாற்றுவதால் தீராது. மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம் அது.

பத்தாவது வினா தன்னைத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். கேட்பதால் அந்த எண்ணம் தோன்றுவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல், "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேட்கலாம். ஆம் என்னும் விடை எந்த வடிவில் வந்தாலும் அவளையும் குழந்தையையும் தனியே விடாது, அன்றே மருத்துவரை நாட வேண்டும். சிங்கப்பூரில் 1767 என்னும் எண்ணிலும் மலேசியாவில் 15555 என்னும் எண்ணிலும் பேச ஆள் உண்டு. வகுப்பில் இதைப் படிக்கும் மாணவர் வீட்டிலும் அண்ணியோ அக்காளோ பச்சை உடம்போடு இருக்கலாம். பள்ளி விட்டு வந்ததும் குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் போய்ப் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வயது ஒரு தடையன்று.